வெண்கலப் பொலீட்டஸ்

வெண்கலப் பொலீட்டஸ் (அறிவியல் பெயர்: பொலீட்டஸ் ஏரியஸ்) என்பது பொலீட்டேசியே குடும்பத்தைச் சேர்ந்த, உண்ணத்தக்க காட்டுக் காளான் இனம் ஆகும். தெற்கு ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் ஓக் மரங்களின் கீழ் இது பெரும்பாலும் காணப்படுகிறது.

பெயர்

பிரெஞ்சுத் தாவரவியலாளர் பியேர் புல்லியார் இவ்வினத்தை 1789 ஆம் ஆண்டில் விவரித்தார். ஏரியஸ் என்ற இலத்தீன் சொல் வெண்கலத்தையோ செம்பையோ குறிக்கும். இத்தாலியில் இது பொர்ச்சீனோ நேரோ, அதாவது கறுப்புப் பொர்ச்சீனோ, எனப்படுகிறது.

தோற்றம்

இதன் குடை அடர் பழுப்பு நிறமானது, 30 செ.மீ. வரை அகலமாக வளரக்கூடியது. குடையின் அடியில் மடிப்புகளுக்குப் பதிலாக நுண்துளைகள் உள்ளன. இவை இளமையில் வெண்மையாகவும், முதிரும்போது பசுமஞ்சளாகவும் இருக்கும். தண்டு பருத்தது, அதன்மேல் மெல்லிய பழுப்பு வலைப்பின்னல் காணப்படும். சதை வெண்மையானது, வெட்டினால் நிறம் மாறாது. வித்துத்தூள் ஒலிவப் பழுப்பு நிறமுடையது.

வாழ்முறை

இக்காளானின் பூசண இழைகள் ஓக் மரத்தின் நுனிவேர்களை உறைபோல் சூழ்ந்து வளர்கின்றன. பூசணம் நீரையும் கனிமங்களையும் மரத்திற்கு அளிக்கிறது. மரம் ஒளிச்சேர்க்கையால் உருவாக்கிய சர்க்கரையைப் பூசணத்திற்கு அளிக்கிறது. உயிருள்ள வேர்களைச் சார்ந்திருப்பதால், மொட்டுக் காளானைப் போல வைக்கோல் உரத்தில் இதனை வளர்க்க இயலாது. சந்தைக்கு வருபவை காடுகளில் சேகரிக்கப்படுபவையே. எனவே மரங்கள் அழிந்தால் காளானும் அவ்விடத்தில் மறையும். செஸ்ட்நட், பீச் மரங்களுடனும் இது வளர்வதுண்டு. கோடை, இலையுதிர் காலங்களில் தரைக்கு மேல் தோன்றும்.

உணவு

இது புதிதாகவும் உலர்த்தியும் சமைக்கப்படுகிறது. இத்தாலியின் போர்கோத்தாரோ பகுதிக் காளான்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1996 இல் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. அக்குறியீட்டிற்குரிய நான்கு இனங்களுள் இதுவும் ஒன்று.

ஒத்த இனங்கள்

கசப்புப் பொலீட்டின் நுண்துளைகள் முதிரும்போது இளஞ்சிவப்பாக மாறும். அது நஞ்சன்று, எனினும் ஒன்று கலந்தாலே முழு உணவும் கசந்துவிடும். ஓக் மரங்களின் கீழ்ச் சுண்ணாம்பு மண்ணில் வளரும் சாத்தான் பொலீட் நச்சுடையது. கடும் வாந்தியை உண்டாக்கும். அதன் குடை வெளிறியது. முதிர்ந்தவற்றில் நுண்துளைகள் சிவந்திருக்கும். வெட்டிய சதை நீலமாகும். பூச்சி அரித்த காளான் மனிதருக்கும் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை தவறானது. ஐயத்திற்கிடமின்றி இனங்காணப்படாத காட்டுக் காளான் எதையும் உண்ணலாகாது.