வீழ்ந்த மரமும் சங்கிலி வாளும்

காட்டுப் பாதையின் குறுக்கே வீழ்ந்து கிடக்கும் மரம் ஓய்ந்துவிட்ட மரம் அன்று. நிற்கும் மரத்தின் பாரம் பெரும்பாலும் நேராக மண்ணில் இறங்கிவிடுகிறது. வீழ்ந்த மரமோ, ஒரு முனை மேட்டிலும் மறுமுனை பள்ளத்திலுமாக, நாணேற்றிய வில்லைப் போல் தன் எடையையெல்லாம் நார்களுக்குள் அடக்கிக்கொண்டு கிடக்கிறது. 2005ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சுவீடன் நாட்டின் தென்பகுதியைத் தாக்கிய 'குட்ருன்' புயல் ஓர் இரவிலேயே ஏறத்தாழ 75 மில்லியன் கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. அப்புயலில் மாண்டோரைக் காட்டிலும், பின்னர் அம்மரங்களை அறுத்து அகற்றும் பணியில் மாண்டோரே மிகுதி.

இத்தகைய பணிக்கு இன்று உலகெங்கும் கையாளப்படும் கருவி சங்கிலி வாள். மக்கள் வழக்கில் அது 'செயின்சா'. மலாய் மொழியில் 'கெர்காஜி ரந்தாய்' என்பர். கெர்காஜி என்னும் சொல் 'கிரகச' என்ற வடசொல்லின் வழிவந்தது. தமிழிலோ போர்வாளுக்கும் மரமறுக்கும் ஈர்வாளுக்கும் வாள் என்பதே பொதுப்பெயர். காட்டுத் தடங்களில் நான்கு சக்கர இயக்க வண்டிகளை ஓட்டிச் செல்வோர் எந்தச் சங்கிலி வாளை வாங்குவது, எவ்வாறு கையாளுவது என்று வினவுவதுண்டு. விலைப்பட்டியலைப் புரட்டினால் அதற்குப் பாதி விடையே கிடைக்கும். மறுபாதி அக்கருவியின் வரலாற்றில் இருக்கிறது. அதன் உறுப்பு ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் சுமந்த சுமைக்கோ பட்ட காயத்திற்கோ விடையாக வந்து சேர்ந்தது.

வியப்பு யாதெனில், சங்கிலி வாள் முதன்முதலில் மரத்தை அறுக்கவே தோன்றவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ஜான் எயிட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்னும் இரு மருத்துவர்கள் பற்கள் அமைந்த மெல்லிய சங்கிலியொன்றை அறுவை மருத்துவத்திற்குப் பயன்படுத்தினர். மகப்பேற்றின்போது குழந்தை வெளிவர இயலாமல் தாயும் சேயும் உயிருக்குப் போராடிய நிலையில், இடுப்பெலும்பின் முன்னிணைப்பை அறுத்து வழி உண்டாக்குவதற்கு அது உதவியது. நோயுற்ற மூட்டெலும்பை நீக்கவும் பயன்பட்டது. 1830இல் செருமானியரான பெர்ன்ஹார்ட் ஹைனே, கைப்பிடியைச் சுழற்றினால் ஒரு தகட்டைச் சுற்றிச் சங்கிலி ஓடும் எலும்பறுவைக் கருவியை உருவாக்கினார். இன்றைய வாளின் வடிவம் அக்கருவியிலேயே காணப்படுகிறது. மயக்க மருந்து வழக்கிற்கு வாராத அக்காலத்தில் விரைந்து அறுப்பதே நோயாளிக்குச் செய்யக்கூடிய பேருதவி என்பதை நினைத்தால், அம்மருத்துவரின் முயற்சி எத்துணை இரக்கம் உடையது என்பது புலனாகும்.

காட்டில் அப்போதும் கோடரியே ஆண்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மேற்குக் காடுகளில், இருபுறமும் கைப்பிடி பொருத்தி இருவர் மாறி மாறி இழுக்கும் இழுப்பு வாள் பரவியது. தொழிலாளர் அதற்கு இட்ட பெயர் 'துயரச் சாட்டை' என்பது. அப்பெயர் ஒன்றே அவ்வேலையின் இயல்பைக் கூறிவிடும்.

பொறியின் துணைகொண்டு இத்துயரைக் குறைக்க முற்பட்டோருள் ஆந்திரேயாஸ் ஸ்தீல் குறிப்பிடத்தக்கவர். 1926இல் ஸ்டுட்கார்ட் நகரில் அவர் உருவாக்கிய மின்சாரச் சங்கிலி வாளின் எடை 48 கிலோகிராம். அதைத் தூக்க இருவர் வேண்டும், மின்சாரம் வேண்டும். காட்டில் மின்சாரத்திற்கு எங்கே போவது? 1927இல் எமில் லெர்ப் என்பவர் தூரிங்கியா வட்டாரத்தில் உள்ள டோல்மார் என்னும் குன்றில் பெட்ரோலால் இயங்கும் வாளை இயக்கிக் காட்டினார். அக்குன்றின் பெயரே பின்னர் அவருடைய நிறுவனத்தின் பெயராயிற்று. ஸ்தீலின் பெட்ரோல் வாள் 1929இல் வந்தது. அதன் எடை 46 கிலோகிராம். திறன் ஆறு குதிரைத் திறன். உழைப்பு குறைந்தது, ஆனால் சுமை குறையவில்லை.

சுமையைக் காட்டிலும் தொழிலாளரை வாட்டியது பல்லின் மழுக்கம். தொடக்கக் காலச் சங்கிலிகளின் பற்கள் கைவாளின் பற்களைப் பார்த்துச் செய்யப்பட்டவை. அவை மரத்தைச் சீவாமல் சுரண்டின. ஆதலின் விரைவில் மழுங்கின. அறுக்கும் நேரத்தோடு அரத்தால் தீட்டும் நேரமும் போட்டியிட்டது. 1946ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்னும் மரத்தொழிலாளர் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஓர் அடிமரத்தில் ஆள்காட்டி விரலளவு பருத்த வண்டின் புழுவொன்று மரத்தைத் தின்றுகொண்டிருப்பதைக் கண்டார். உறுதியான மரத்தை அப்புழு நாரின் போக்கிலும் குறுக்கிலும் தன் விருப்பம்போல் துளைத்துச் சென்றது. அதற்கு இரு வளைந்த தாடைகள். அவை இடமும் வலமுமாக மாறி மாறிச் செதுக்கின. காக்ஸ் அத்தாடைகளின் வடிவத்தை எஃகில் வடித்தார். இடப்பல், வலப்பல் என மாறி மாறி அமைந்த அச்சங்கிலி 1947இல், போர்ட்லண்ட் நகரில் அவரது வீட்டின் கீழறையிலிருந்து விற்பனைக்கு வந்தது. இன்று உலகில் ஓடும் சங்கிலிகளில் மிகப்பெரும்பாலானவை அப்பல்லின் வழித்தோன்றல்களே. பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் எதுவும் தராத விடையை ஒரு புழு தந்தது என்பதை அறிவியல் கற்கும் மாணவர் மறத்தலாகாது.

1949இல் மெக்கல்லக் நிறுவனம் 25 பவுண்டு, அதாவது 11 கிலோவிற்குச் சற்று மேற்பட்ட எடையுள்ள வாளை வெளியிட்டது. ஒருவர் தனித்துக் கையாளத்தக்கது அது. இதே காலத்தில் மற்றொரு பொறியும் காட்டிற்குள் நுழைந்தது. போர்க்களத்தில் ஓடிய ஜீப், 1945இல் பொதுமக்களுக்கான வடிவில் விற்பனைக்கு வந்தது. 1948இல் இங்கிலாந்தின் லேண்ட்ரோவர் பிறந்தது. லேண்ட்ரோவரை நம் தோட்டப்புறத்தார் நன்கறிவர். 1953இல் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், ரூபிகன் தடத்தின் வழியாக ஜீப் வண்டிகள் அணிவகுத்துச் சென்ற முதற் பயணம் நடைபெற்றது. வேலைக்காக அன்றிப் பொழுதுபோக்கிற்காகக் காட்டுத் தடங்களில் வண்டி ஓட்டும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. ஒருவர் தூக்கக்கூடிய வாளும், அதனைச் சுமந்து செல்லும் வண்டியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தமையால், வீழ்ந்த மரத்தைக் கண்டு திரும்பிச் செல்லும் கட்டாயம் நீங்கியது. மரமறுத்தலைத் தொழிலாகக் கல்லாதவர் கையில் வாள் சென்று சேர்ந்ததும் அப்போதுதான்.

1959இல் ஸ்தீலின் 'கோந்த்ரா' 12 கிலோ எடையில் ஆறு குதிரைத் திறனைத் தந்தது. வேகம் பெருகப் பெருகப் புதிய துன்பம் ஒன்று தலைகாட்டிற்று. நாள்தோறும் வாளைப் பிடித்தோரின் விரல்கள் அதிர்வினால் குருதியோட்டம் குன்றி வெளுத்தன, உணர்விழந்தன. சப்பானியர் இந்நோயை 'வெண்மெழுகு நோய்' என்று அழைத்தனர். 1960களில் அந்நாட்டுக் காட்டுத் தொழிலாளரிடையே அது பெருஞ்சிக்கலாயிற்று. அதன் பயனாக, கைப்பிடிக்கும் பொறிக்கும் இடையே அதிர்வு தாங்கும் அமைப்பு 1960களின் நடுவிலிருந்து இடம்பெறலாயிற்று.

மற்றொரு பகை எதிருதைப்பு. ஓடும் சங்கிலியின் முனையில், மேற்பாதி எதன்மீதேனும் பட்டால், வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலெழுந்து அறுப்பவரின் முகத்தையோ தோளையோ நோக்கிப் பாயும். மனிதன் விலகும் வேகத்தைவிட அது விரைவானது. 1972, 1973ஆம் ஆண்டுகளில் ஸ்தீல், ஹஸ்க்வர்னா ஆகிய நிறுவனங்கள் சங்கிலியை உடனே நிறுத்தும் பிரேக்கைக் கொணர்ந்தன. அமெரிக்க வனத்துறை 1965 முதல் தன் பணியாளர் காலுறை அணிய வேண்டும் என விதித்தது. அக்காலுறையின் நார்கள் சங்கிலியில் சிக்கிப் பொறியைத் திணறச் செய்யும். இது வாளைத் தடுக்கும் கவசம் அன்று. வாளின் வாயை அடைக்கும் பொறி.

இனித் தெரிவு செய்யும் முறைக்கு வருவோம். தடத்தில் குறுக்கிடும் மரத்தை அகற்ற மிகப் பெரிய வாள் வேண்டுவதில்லை. 40 முதல் 50 கன சென்டிமீட்டர் பொறியும், 40 அல்லது 45 சென்டிமீட்டர் தகடும் உடைய வாள் போதும். தகட்டின் நீளத்தைக் காட்டிலும் பருத்த மரத்தையும் இருபுறமிருந்து அறுக்கலாம். நீண்ட தகட்டின் முனை, கண்ணுக்குப் புலப்படாமல் மறுபுறத்தில் மறைந்திருக்கும் கிளையில் பட்டு எதிருதைப்பை வரவழைக்கும். ஆகவே பெருமைக்காக நீண்ட தகட்டை வாங்குவது பேதைமை. பிரேக்கும் அதிர்வு தாங்கியும் இல்லாத பழைய வாள் எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் ஒதுக்கத்தக்கது. ஒரு பயணத்தில் இரண்டொரு மரங்களே குறுக்கிடும் என்றால் மின்கல வாளும் நன்று. வண்டிக்குள் பெட்ரோல் நெடி இராது. எதனை வாங்கினும், ஒரு கைவாளும் கோடரியும் உடன் இருத்தல் வேண்டும். வாள் மரத்தில் சிக்கிக்கொண்டால் அதனை மீட்பதற்கு வேறு கருவி ஏது?

அறுக்குமுன் மரத்தைப் படித்தல் வேண்டும். இரு முனைகளிலும் தாங்கப்பட்டு நடுவில் தொங்கும் மரத்தின் மேற்புறம் நெருக்குண்டிருக்கும்; அடிப்புறம் இழுபட்டிருக்கும். அதனை மேலிருந்து மூன்றிலொரு பங்கு அறுத்து, பின்னர் அடியிலிருந்து மெல்ல மேல்நோக்கி அறுத்து முடிப்பர். ஒரு முனை அந்தரத்தில் தொங்கினால் நிலைமை மாறும். முதல் அறுப்பு அடியில், முடிக்கும் அறுப்பு மேலே. முதலில் நெருக்குண்ட பக்கம், பிறகு இழுபட்ட பக்கம் என்பதே வகை. அறுப்பு மூடிக்கொள்ளாதிருக்கப் பிளாஸ்டிக் ஆப்பு செருகுவர். இரும்பு ஆப்பு சங்கிலியின் பல்லை உடைக்கும். சரிவில் மேற்புறமே நிற்றல் வேண்டும். அறுபட்ட துண்டு உருண்டால் கீழேதான் உருளும். வேரோடு சாய்ந்த மரமாயின் மேலும் கருத்து வேண்டும். தண்டின் பாரம் நீங்கியதும் மண்ணோடு நிமிர்ந்திருக்கும் வேர்த்தட்டு மீண்டும் தன் குழியிலேயே திரும்பி அமரக்கூடும். அக்குழியில் ஒருவர் நிற்பாராயின் அவர் கதி என்னவாகும் என்று விளக்க வேண்டுவதில்லை.

மலேசியக் காடுகளில் இவ்வேலைக்குத் தனிக் கடுமை உண்டு. 1997இல் தொடங்கிய 'ரெயின்பாரஸ்ட் சேலஞ்ச்' என்னும் வண்டிப் போட்டி, மழை மிகுந்த ஆண்டிறுதியையே தன் பருவமாகத் தேர்ந்துகொண்டது. வடகிழக்குப் பருவக் காற்று வீசும் அக்காலத்தில் நனைந்து இளகிய மண் மரங்களைத் தாங்குவதில்லை. அம்மரங்களும் ஐரோப்பியப் பைன் மரங்களைப் போன்றவை அல்ல. செங்கால் மரம் உலர்ந்த நிலையிலேயே கன மீட்டருக்கு 900 கிலோவிற்கு மேல் நிறை காட்டும். கெருயிங் மரத்திலோ மணலின் இனமான சிலிக்கா கலந்திருப்பதால் எஃகுப் பல்லும் விரைவில் மழுங்கும். காக்ஸ் கண்ட பல்லாயினும் இங்கே அரத்திற்கு ஓய்வில்லை. அரத்தையும் மரத்தையும் ஒரே குறளில் வைத்துப் பாடிய வள்ளுவர் இக்காட்சியைக் கண்டிருப்பின் புன்னகை புரிந்திருப்பார். மழுங்கிய சங்கிலியின் அடையாளம் எளியது. கூரிய பல் மரச்சீவலை உதிர்க்கும்; மழுங்கிய பல் மாவைப் போன்ற தூளை உதிர்க்கும். தூளைக் கண்டும் வாளை அழுத்துபவரே பெரும்பாலும் சோர்ந்து தவறிழைப்பவர்.

பாதையைத் திறக்கும் கருவியே காட்டை அழிக்கும் கருவியும் ஆயிற்று என்பதை நாடுகள் உணராமல் இல்லை. பிலிப்பைன்சு நாடு 2002இல் சங்கிலி வாளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அங்கு அதனை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம், காப்பிடப்பட்ட காடுகளில் பொறிகளின் பயன்பாட்டைப் பெரும்பாலும் தடைசெய்தது. ஆகவே அங்குள்ள நடைபாதைகளில் மரம் வீழ்ந்தால், பணியாளர் பழைய இழுப்பு வாளைத் தோளில் சுமந்து நடந்தே செல்கின்றனர். முற்காலத்தில் செய்த அவ்வாள்களைத் தேடியெடுத்துத் துருநீக்கி, ஒவ்வொரு பல்லாகக் கையால் தீட்டும் கலையை முதியோர் இளைஞர்க்குக் கற்பித்து வருகின்றனர். ஒருவர் இழுக்க, மற்றவர் தள்ளாமல் விட்டுக்கொடுப்பதே அவ்வாளின் முதற்பாடம். தள்ளினால் தகடு வளைந்து அறுப்பிலேயே சிக்கிக்கொள்ளும்.