செக்குக்குள் ஒரு ஷா

பஸ்ஸில் செக்கிங் ஏறுகிறது. மாவட்ட எல்லையில் செக்போஸ்ட். பேங்க்கில் போட்ட செக் ரிட்டர்ன் ஆகிவிட்டது. கட்சிக்குள் வேகமாக வளர்கிறவருக்குத் தலைமை 'செக்' வைத்துவிட்டதாக மாலைப் பத்திரிகை எழுதுகிறது. இந்த நான்கு இடத்திலும் நாம் உச்சரிப்பது ஒரு பாரசீக அரசரின் பட்டப்பெயரை.

ஷா என்றால் பாரசீக மொழியில் மன்னர். ஷாஜகானின் பெயரில் முன்னால் நிற்பவரும், பாதுஷாவில் (பட்டத்தைச் சொல்கிறேன், பலகாரத்தை அல்ல) பின்னால் நிற்பவரும் அவரே. இன்னும் பின்னோக்கிப் போனால், பழம்பாரசீகத்தில் இந்தச் சொல்லுக்கு மூலமாக இருந்ததும் வடமொழி க்ஷத்திரியனும் பங்காளிகள். ஆளுதல் என்ற பொருள் இரண்டுக்கும் பொது.

அரசர் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது சதுரங்கப் பலகை வழியாக. யானை, குதிரை, தேர், காலாள் என நான்கு அங்கம் கொண்ட நம் ஆட்டம் சுமார் 6ஆம் நூற்றாண்டில் பாரசீகம் போய் 'சத்ரங்' ஆனது. அடுத்த நூற்றாண்டில் அரேபியர் பாரசீகத்தைப் பிடித்த பிறகு 'ஷத்ரஞ்ச்'. எதிராளியின் ராஜாவைக் குறிவைத்துக் காயை நகர்த்தினால் 'ஷா' என்று குரல் கொடுப்பார்கள். உங்கள் ராஜாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற எச்சரிக்கை. தப்ப வழியே இல்லையென்றால் 'ஷா மாத்'. அரபியில் 'மாத்த' என்றால் இறந்தான் என்பதால், ராஜா செத்தார் என்றுதான் பலரும் பொருள் சொல்கிறார்கள். பாரசீகத்தில் அது கதியற்று நிற்பவனைக் குறிப்பது. எனக்கு இந்தப் பொருள்தான் சரியாகப் படுகிறது. சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே.

ஸ்பெயின், சிசிலி வழியாக ஆட்டம் ஐரோப்பாவுக்குள் போனது. ஷா லத்தீனில் 'ஸ்காக்கஸ்' ஆகி, பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆனார். ஆங்கிலேயர் அதன் ஒருமையிலிருந்து செக்கையும் பன்மையிலிருந்து செஸ்ஸையும் எடுத்துக்கொண்டார்கள். அதாவது செஸ் என்றால் ராஜாக்கள். ஜெர்மானியரின் 'ஷாக்', ரஷ்யரின் 'ஷாக்மத்தி' எல்லாம் இதே வம்சம். ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் மட்டும் ராஜாவை விட்டுவிட்டுச் சதுரங்கம் என்ற பெயரையே அரபியிலிருந்து வாங்கித் தங்கள் நாக்குக்கு வளைத்துக்கொண்டார்கள். போர்ச்சுகீசியரின் 'ஷத்ரெஸ்' கட்டம் போட்ட துணியையும் குறிக்கும். பிரேசில் தெருப்பேச்சில் ஜெயிலையும் குறிக்கும்.

ஆட்டத்திலிருந்து பலகை தனியே கிளம்பிப் போன கதை இன்னும் சுவையானது. 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசின் கணக்குத் துறைக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் விழுந்தது. மூலச் சொல்லுக்குச் சதுரங்கப் பலகை என்றே பொருள். இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் இறுதியில் எழுதிய நூலில் அந்த மேசையை அளந்தே வைத்திருக்கிறார்: சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம், மேலே வைத்தது கீழே விழாதபடி நான்கு விரற்கடை உயரத்துக்கு விளிம்பு. மேசைமேல் கோடு போட்ட கறுப்புத் துணி. ஒரு பத்தி பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, பிறகு பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம். வரி வசூலித்த ஷெரீஃப்கள் ஈஸ்டருக்கும் செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸ் பண்டிகைக்கும் அங்கே வந்து உட்கார வேண்டும். கட்ட வேண்டியது ஒரு வரிசையிலும் கட்டியது அதற்குக் கீழேயும் வில்லைகளாக அடுக்கப்படும். ரோமன் எண்களில் பூஜ்யம் கிடையாது. துணியில் காலியாக விட்ட இடம் அந்த வேலையைச் செய்தது. எழுத்துக் கணக்கு வராதவரும் தன் பாக்கியைக் கண்ணால் பார்க்கலாம். பலகையில் இரண்டு ராஜாக்கள் மோதுவதுபோல இங்கே கருவூலத் தலைவரும் ஷெரீஃபும் மோதுகிறார்கள் என்பது ஃபிட்ஸ்நீலே சொன்ன ஒப்புமை. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'தான்.

அங்கே கட்டிய பணத்துக்கு ரசீது மரக்குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம் வெட்டுவார்கள், நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு வாற்கோதுமை மணி அளவு. பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி. இரண்டும் பொருந்தினால் கணக்கு சரி. இந்த முறை 1826 வரை நீடித்தது. குவிந்து கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடுப்புகளில் போட்டு எரிக்கப்போய், நாடாளுமன்றமே பற்றிக்கொண்டது.

இதற்குள் செக் என்ற சொல்லும் குணம் மாறியிருந்தது. ராஜாவுக்கு ஆபத்து என்ற குரல், ஆட்டத்தை நிறுத்தும் தடை ஆனது. பிறகு எந்தத் தடையும் செக். வேட்டைக்கு விட்ட வல்லூறு குறிவைத்த பறவையை விட்டு வேறொன்றின் பின்னால் போனாலும் செக். தடுத்து நிறுத்தினால்தானே சரிபார்க்க முடியும்? 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்ற பொருள் வந்தது. நமக்குப் பழக்கமான செக்கிங், செக்-அப், செக்-இன் எல்லாம் அதற்குப் பின் பிறந்தவை.

பேங்க் செக்கும் அந்தக் கிளைதான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்றது கையில் கொடுக்கும் தாளை அல்ல, புத்தகத்திலேயே தங்கும் அடிக்கட்டையை. கள்ளத்தாள் வந்தால் ஒட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க அது உதவியது. நாளடைவில் கிழித்துக் கொடுத்த தாள் பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டது, அடிக்கட்டைக்கு ஒன்றும் மிச்சமில்லை. எக்ஸ்செக்கரைப் பார்த்து பிரிட்டிஷார் பிற்பாடு அதற்கு ஆடம்பரமாக வேறு எழுத்துக்கூட்டல் கொடுத்தார்கள். அமெரிக்கர்கள் பழையபடியே எழுதுகிறார்கள். ஓட்டல் பில்லையும் அவர்கள் செக் என்பதால், அங்கே சாப்பிட்டு முடித்ததும் செக் கேட்க வேண்டும்.

துணியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பலகையின் கட்டங்கள்தான் செக்டு சட்டையிலும் பந்தய மைதானத்துக் கொடியிலும் இருப்பவை. நம் ஊர் நெசவாளர்களின் கட்டத் துணி, ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப் என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவரை விற்றது. நாம் அதை லுங்கி என்று கட்டிக்கொண்டோம்.

ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலால் பிரிந்த செக்குகள் தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடுகின்றன. உறவே இல்லாத செக் குடியரசும் கூட்டத்தில் வந்து நிற்கிறது. காசோலை என்ற அழகான சொல் நம்மிடம் இருந்தும், கடையில் அதைச் சொல்வார் குறைவு. ஆபீசில் "கிராஸ் செக் பண்ணிக் கொடுங்க" என்றால் தகவலை மறுபடி சரிபார்க்கச் சொல்கிறார்களா, காசோலையின் மூலையில் இரண்டு கோடு இழுக்கச் சொல்கிறார்களா என்பதைச் சொல்பவர் கணக்குப் பிரிவா இல்லையா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.