வாலைப் பிடித்துப் போகும் பாட்டுகள்

ஷிரிதோரி ஜப்பானியக் குழந்தைகளின் சொல் விளையாட்டு. ஷிரி என்றால் பின்புறம், தோரி என்றால் பிடித்தல். ஒருவன் ஒரு பெயர்ச்சொல்லைச் சொல்ல, அதன் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்தவன் இன்னொரு பெயர்ச்சொல்லைச் சொல்ல வேண்டும். சகுரா (செர்ரிப் பூ) என்று ஒருவன் சொன்னால் ரகுதா (ஒட்டகம்) என்று மற்றவன் தொடரலாம். செர்ரிப் பூவுக்கும் ஒட்டகத்துக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை. 'ன்' என்று முடிகிற சொல்லைச் சொன்னவன் தோற்றான். அந்த எழுத்தில் தொடங்கும் சொல் அம்மொழியில் இல்லை. பாட்டுகளின் தலைப்புகளை வைத்தும் இதை ஆடுகிறார்கள். ஒரு தலைப்பு எந்த எழுத்தில் முடிகிறதோ அதில் தொடங்கும் தலைப்பு கொண்ட பாட்டு அடுத்து வரவேண்டும். இதற்குப் பாட்டு தெரிய வேண்டியதில்லை. தலைப்பின் தலையும் வாலும் தெரிந்தால் போதும்.

வெறும் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்த விளையாட்டுக்குச் செய்யுளில் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைத் தொடர்ந்து பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. சப்தம் சொற்களைக் கோத்துக்கொண்டு போகும்போது, அர்த்தத்துக்கு யார் பொறுப்பு?

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி ஷிகிபு எழுதிய கெஞ்சியின் கதை 54 அத்தியாயங்கள் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு: ஒரு மரம், ஒரு கொடியின் பூ, சில்வண்டு உரித்துப்போட்ட கூடு. இந்தப் பெயர்களை வரிசை தவறாமல் மனப்பாடம் செய்ய ஒரு பாட்டு இருக்கிறது. கெஞ்சி மோஜிகுசாரி என்பது அதன் பெயர். மோஜி என்றால் எழுத்து, குசாரி என்றால் சங்கிலி. ஒரு அடி எந்த எழுத்தில் முடிகிறதோ அடுத்த அடி அதில் தொடங்கும். எடோ காலத்தில் பெண்களுக்கான பாடப் புத்தகங்களில் இதை அச்சிட்டார்கள். நாவலைப் படிக்காதவர்களும் அதன் தலைப்புகளை இந்தப் பாட்டால் தெரிந்துகொண்டிருக்க முடியும்.

தலைப்புகள் தாமாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவில்லை என்பது இங்கே கவனிக்க வேண்டியது. முதல் அத்தியாயம் கிரித்சுபோ, 'போ'வில் முடிகிறது. இரண்டாவது ஹஹாகிகி, 'ஹ'வில் தொடங்குகிறது. ஆகவே பாட்டுக் கட்டியவர் முதல் பெயருக்குப் பின் 'யோ' என்ற இடைச்சொல்லை வைக்கிறார். அடுத்த அடியை 'யோ'வில் தொடங்கி, சில சொற்கள் நடந்து, இரண்டாவது பெயரை அடைகிறார். இணைப்பு விழுவது பெயர்களில் அல்ல, பெயர்களுக்கு நடுவே இட்டு நிரப்பிய சொற்களில். நாவலின் சாரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதும் அந்தச் சொற்களில்தான். கிரித்சுபோ என்பவள் கெஞ்சியின் தாய். அரசனின் அன்புக்கு ஆளாகி, மற்றப் பெண்களின் பொறாமையில் வாடி, சீக்கிரமே இறந்துபோகிறாள். அவள் பெயருக்கு முன்னால் பாட்டில் வரும் இட்டு நிரப்பல், நிலையாமல் மறைந்துபோனதைச் சொல்கிறது. எழுத்துக் கணக்குக்காக வந்த சொல் அவள் கதையையும் தெரிந்து வைத்திருக்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஜப்பானிய மொழியில் 'ஹ' என்று எழுதி 'வ' என்று உச்சரிக்கும் ஒரு இடைச்சொல் இருக்கிறது. மோஜிகுசாரியின் முதல் அடி இந்தச் சொல்லில் முடிகிறது. அடுத்த அடி 'ஹ'வில் தொடங்குகிறது. கொஞ்சம் தள்ளி அதே இடைச்சொல்லில் முடியும் அடிக்கு அடுத்த அடி 'வ'வில் தொடங்குகிறது. முதலில் கண் ஆளுகிறது, பிறகு காது. எழுத்துச் சங்கிலி என்று பெயர் வைத்துக்கொண்டு, இரண்டு எஜமானர்களுக்கும் அது வேலை செய்கிறது. 1946ல் எழுத்துமுறையை உச்சரிப்புக்கு நெருக்கமாகத் திருத்தியபோது கண்ணின் பக்கம் கொஞ்சம் தளர்ந்தது. வண்ணத்துப்பூச்சிக்கு ச்யோ என்று பெயர். பழைய முறையில் அதைத் 'தெ, ஃபு' என்று எழுதினார்கள். சங்கிலி 'ஃபு'வுக்குப் போகும். புதிய முறையில் அது 'உ'வில் முடிகிறது. பூச்சி அதேதான், சொல்லும் அதேதான், ஆனால் வால் மாறிவிட்டது.

நமக்கு இங்கே அந்தாதி நினைவு வருவது இயற்கை. ஆனால் நூறு பாட்டு அந்தாதி பெரும்பாலும் மண்டலித்து முடிகிறது. கடைசிப் பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்துக்கே திரும்புகிறது. புறப்பட்ட இடமும் சேரும் இடமும் ஒன்று என்று நம்பியவர்களின் உருவம் அது. ஷிரிதோரிக்குத் திரும்பும் இடம் கிடையாது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் போவதில்தான் அதன் சுகம்.

இந்தச் சுகத்தை எடோ நகரத்தார் நன்றாக அறிந்திருந்தார்கள். பியோனிப் பூவும் சிங்கமும், மூங்கிலும் புலியும் என்று ஓவிய மரபின் ஜோடிகளில் தொடங்கும் ஒரு ஷிரிதோரிப் பாட்டு அக்காலத்தில் பரவியிருந்தது. புலியிலிருந்து அது வாதோனாய் என்ற வீரனுக்குப் போகிறது. சிக்காமாட்சு 1715ல் எழுதிய பொம்மலாட்ட நாடகத்தில் மூங்கில் காட்டில் புலியை அடக்கியவன் அவன். அவன் பெயரின் கடைசியில் உள்ள 'நாய்' என்ற ஓசையிலிருந்து நாய்தோ என்ற பிரபு வம்சம் வருகிறது. அவர்களின் குலச்சின்னம் தொங்கும் ஃபுஜிக் கொடிப் பூ. அந்த ஃபுஜியிலிருந்து ஃபுஜி மலையும், அதைப் பார்த்து நிற்பவராக ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்த கவி சாய்க்யோவும் வருகிறார்கள். ஒரு எழுத்தைப் பிடிப்பதோடு நிற்காமல் இரண்டு மூன்று எழுத்துகளைச் சேர்த்துப் பிடிக்கிறது இந்தப் பாட்டு. நாடகம், பிரபு, பூ, மலை, துறவி எல்லாம் ஒரே தெருவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகிறார்கள். அர்த்தத் தொடர்ச்சி இல்லாமல் இருக்கலாம். ஆனால் பாடுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் பொதுவான ஒரு உலகம் இருக்கிறது. சிலேடை அதன்மேல் நடக்கிறது.

இனி வருவது சிக்கலான இடம். 1904-05 ரஷ்யப் போருக்குப் பிறகு குழந்தைகள் வாயில் புழங்கிய ஒரு ஷிரிதோரிப் பாட்டு உண்டு. பாடபேதங்கள் பல. தளபதி நோகி வெற்றியோடு திரும்பி வருவதில் அது தொடங்குகிறது. அந்த வாக்கியத்தின் கடைசி எழுத்து ஒரு சிட்டுக்குருவியைக் கொண்டுவருகிறது. குருவி இன்னொரு சிறு பறவையைக் கொண்டுவருகிறது. அந்தப் பறவையின் பெயர் 'ரோ'வில் முடிவதால் ரோஷியா வருகிறது. 'யா'வில் தொடங்க வேண்டியிருப்பதால் காட்டுமிராண்டி நாடு என்ற வசவு வருகிறது. அது 'கு'வில் முடிகிறது. ரஷ்யத் தரைப்படையின் தலைவர் குரோபாத்கின் வருகிறார். அவர் பெயரின் வாலிலிருந்து ஆணின் பிறப்புறுப்பைக் குறிக்கும் ஒரு கொச்சைச் சொல் கிடைக்கிறது. அதிலிருந்து கடற்படைத் தலைவர் மகரோவ், அவரிடமிருந்து ஒரு கோவணம். இன்னும் போனால் சீனத்து லீ ஹுங் சாங் வருகிறார். அவர் 1895ல் ஷிமோனோசெகி உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர், 1901ல் இறந்தவர். இரண்டு போர்களை ஒரே கயிற்றில் கட்டுவதற்கு எழுத்துப் பொருத்தம் போதுமாக இருந்தது. சீனர்களைப் பற்றிய இழிசொல்லும் அதே கயிற்றில் வந்து சேர்கிறது.

குருவிக்குப் பின் பறவை வருவதும் ரஷ்யாவுக்குப் பின் காட்டுமிராண்டி வருவதும் பாட்டில் ஒரே விதத்தில் நடக்கின்றன. சிறுமி பந்து தட்டிக்கொண்டே பாடுகிறாள். அவள் யாரையும் வையவில்லை, எழுத்தைப் பிடிக்கிறாள், அவ்வளவுதான். வெறுப்பைப் பிரச்சாரமாகச் சொன்னால் மறுத்துப் பேசலாம். விளையாட்டின் விதியாக வந்த வெறுப்பை யார் மறுப்பது? 'யா'வில் தொடங்கும் சொற்கள் ஜப்பானிய மொழியில் ஏராளம். மலைக்கு யமா, அம்புக்கு யா. யாரோ ஒருவர் வசவைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்த கை சங்கிலிக்குள் மறைந்துவிட்டது.

பாட்டு விட்டுவிட்டதையும் சொல்ல வேண்டும். வெற்றியோடு திரும்பிய நோகி அந்தப் போரில் தன் இரண்டு மகன்களையும் இழந்தவர். போர்ட் ஆர்தர் முற்றுகையில் ஆயிரக்கணக்கானவர்களைச் சாவுக்கு அனுப்பியவர். 1912ல் மெய்ஜி சக்கரவர்த்தியின் இறுதி ஊர்வலத்தன்று மனைவியோடு உயிரை மாய்த்துக்கொண்டார். மகரோவ் 1904 ஏப்ரல் 13 அன்று போர்ட் ஆர்தருக்கு வெளியே, கண்ணிவெடியில் சிக்கிய பெத்ரோபாவ்லாவ்ஸ்க் கப்பலோடு மூழ்கினார். அதே கப்பலில் ஓவியர் வெரெஷாகினும் இறந்தார். போரின் புகழ் என்ற பெயரில் மண்டையோட்டுக் குவியலை வரைந்தவர் அவர்; சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடுவதையும் வரைந்தவர்.

அந்த ஆண்டிலேயே, அப்போது 18 வயதான இஷிகாவா தகுபோகு என்ற ஜப்பானியக் கவி, எதிரிநாட்டு மகரோவுக்கு ஒரு இரங்கற்பா எழுதினார். 1905ல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் அது இருக்கிறது. ஒரே பெயர், இரண்டு பாட்டு. ஒன்றில் அந்தப் பெயரின் கடைசி எழுத்து மட்டும் வேண்டியிருந்தது, கோவணம் கிடைத்தது. மற்றொன்றில் அந்தப் பெயருக்குப் பின்னால் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு மனிதனைக் கவி பார்த்தார்.

பழைய லெட்ஜரில் ஒரு பக்கத்தின் கடைசித் தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதுவோம். தொகை சரியாக இருந்தால் முன்பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. யார் கட்டினார், யார் கடன் வாங்கினார், யார் ஏமாந்தார் என்பதெல்லாம் அங்கேயே தங்கிவிடும். சங்கிலிப் பாட்டும் இப்படித்தான் நினைவு வைக்கிறது. அது வாலை மட்டும் கொண்டுவருகிறது. உருவத்துக்கு அறம் கிடையாது என்று இதைக் கொண்டு ஒருவர் வாதிடலாம். ஒரே உருவம் கிரித்சுபோவின் மரணத்தையும் சுமந்தது, காட்டுமிராண்டி என்ற வசவையும் சுமந்தது என்பது அவருக்குச் சாட்சி. ஆனால் மோஜிகுசாரி கட்டியவர் இணைப்பு விழும் இடத்தில் நின்று யோசித்திருக்கிறார். போர்ப்பாட்டு கட்டியவர் அந்த இடத்தில் விதியின் பின்னால் ஒளிந்துகொண்டார். வேறுபாடு அங்கே இருக்கிறது. உருவம் கேட்டது என்று சொல்லித் தப்பிக்கும் எல்லாக் கவிஞர்களையும் அந்த இடத்தில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும்.

கெஞ்சியின் கதையில் 'மேகத்தில் மறைதல்' என்ற ஒரு தலைப்பை வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அதன் கீழே ஒரு வரிகூட இல்லை. நாயகன் இறந்துபோனதை அந்த வெற்றிடம் சொல்கிறது. 54 என்ற கணக்கிலும் அது சேர்வதில்லை. தலைப்புகளை மட்டும் கோக்கும் விளையாட்டில் அதுவும் மற்றத் தலைப்புகளைப் போல ஒரு தலையும் ஒரு வாலும்தான். கதையைப் படித்தவன் மட்டும் அங்கே ஒரு கணம் தயங்குவான்.