வாத்தின் கண்ணுக்குத் தப்பிய படகுகள்

உப்பூர்க் கரையில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. உப்பளப் பாத்தி, அதற்கப்பால் சேறு, அதற்கப்பால் முழங்கால் தண்ணீராகவே நெடுந்தூரம் போகும் கடல். ஓர் ஆள் நடந்தால் அரை மைலுக்குத் தெரியும். எங்கள் வெயிலுகந்த பிள்ளையாருக்கே தலைக்கு மேல் கூரை இல்லை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்வானேன்!

வாடைக்காற்று எழுந்ததும் வடக்கிலிருந்து தாராக் கூட்டம் வந்து இறங்கும். (ஊசிவால் வாத்து, கிளுவை, நீலச்சிறகி, நாமத்தலை வாத்து என்று புத்தகத்தில் தனித்தனிப் பெயர் உண்டு. எங்கள் பக்கம் எல்லாமே தாராதான்.) கரையில் ஓர் ஆள் நின்று கையை நீட்டினால் போதும், கூட்டமே கிளம்பிவிடும். ஆனால் வலை வைக்கப் போகிற வத்தை பக்கத்தில் போனால் சற்று ஒதுங்கிவிட்டு மறுபடி மேயும். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு மேல்நாட்டில் நூறு வருஷத்துக்கு மேலாக விதவிதமாய்ப் படகு கட்டியிருக்கிறார்கள் என்பது, ஓய்வு பெற்றபின் பழைய வேட்டைப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

அந்தக் கதையைப் பீட்டர் ஹாக்கர் என்ற ஆங்கிலேயக் கர்னலிடமிருந்து தொடங்கலாம். நெப்போலியனை எதிர்த்து நடந்த சண்டையில், 1809ல் ஸ்பெயின் நாட்டுத் தலவேரா போர்க்களத்தில், தொடையில் குண்டு பட்டுப் பட்டாளத்தை விட்டு விலக நேர்ந்தவர். இளம் வேட்டைக்காரர்களுக்கு என்று 1814ல் அவர் எழுதிய புத்தகம் பல பதிப்புகள் கண்டது. இங்கிலாந்தின் தென்கரையில் கீஹேவன் என்ற கடலோரச் சிற்றூரில் அவருக்கு ஒரு வீடு. அந்தச் சேற்றுக் கடலும் ஏறக்குறைய நம் உப்பூர்க் கடல் மாதிரிதான்: ஆழமில்லை, மறைவுமில்லை.

அங்கே ஓடிய படகுக்குப் பண்ட் என்று பெயர். அடி தட்டை. ஓர் ஆள் படகு என்றால் பதினேழு, பதினெட்டு அடி நீளம், மூன்றடிக்குச் சற்று மேல் அகலம். விளிம்பு தண்ணீருக்கு மேல் சில அங்குலம்தான் நிற்கும். வேட்டைக்காரர் உட்காருவதில்லை; குப்புறப் படுத்துக்கொள்வார். கையை மட்டும் வெளியே விட்டுக் குட்டைத் துடுப்பாலோ, சேற்றில் ஊன்றிய கம்பாலோ படகை நகர்த்துவார். எதிரே, அணியத்தில், படகின் பாதி நீளத்துக்கு ஒரு துப்பாக்கி. ஹாக்கர் செய்வித்த இரட்டைக் குழல் துப்பாக்கி 190 பவுண்டுக்கு மேல் எடை. ஒரு மூட்டை நெல்லைவிட அதிகம்! அதைத் தோளில் வைத்துச் சுட முடியுமா? வெடிக்கும்போது வரும் பின்னுதையைப் படகின் முகப்பில் கட்டிய தடித்த கயிறு வாங்கிக்கொள்ளும். துப்பாக்கியைத் திருப்பிக் குறி பார்ப்பதும் இல்லை. படகையே திருப்ப வேண்டும். ஆக, படகு என்பது வண்டி மட்டுமல்ல, துப்பாக்கியின் கட்டையும் அதுதான்.

எனக்கு ஆச்சரியம் தந்தது அதன் வர்ணம். மறைப்பு என்றால் பச்சையும் பழுப்பும் என்றுதான் நாம் நினைப்போம். பண்ட் படகுக்கு அடித்தது வெளிறிய சாம்பல், சில சமயம் அழுக்கு வெள்ளை. விடியற்காலையில், தண்ணீர் மட்டத்தில் மிதக்கும் வாத்தின் கண்ணுக்கு, வருகிற பொருளுக்குப் பின்னால் புல் இல்லை. வானமும் அதன் நிழல் விழுந்த தண்ணீரும்தான். கறுப்பாக எது வந்தாலும் தனித்துத் தெரியும். வாத்தின் இடத்தில் இருந்து பார்த்தவன்தான் இந்த வர்ணத்தைக் கண்டுபிடித்திருக்க முடியும். கூட்டத்தை நெருங்கியதும் படகின் பலகையில் லேசாக ஒரு தட்டு. வாத்துகள் தலை தூக்கி எழும்பும் அந்தக் கணத்தில் வெடி. ஏறக்குறைய ஒரு பவுண்டு ஈய ரவை விசிறிப் போகும். ஒரே வெடியில் ஐம்பது வாத்து வரை விழுந்ததுண்டு.

அமெரிக்காவில் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். நியூஜெர்சி மாநிலத்துப் பேர்னகட் விரிகுடாவில், 1836ல், ஹேசல்டன் சீமன் என்ற படகு கட்டுபவர் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு குட்டிப் படகு செய்தார். கரண்டியைக் கவிழ்த்தது போன்ற வடிவம், நடுவில் ஓர் ஆள் இறங்கிப் படுக்க ஒரு குழி, மேல்தளம் முழுக்க அந்தச் சதுப்பிலேயே அறுத்த புல். ஸ்னீக்பாக்ஸ் என்று பெயர். நம் பாஷையில் பதுங்குபெட்டி எனலாம். புல் பரப்பிவிட்டால் அது படகல்ல, சேற்றுத் திட்டு.

அதைவிடக் கொடியது சிங்க்பாக்ஸ். சவப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, சுற்றிலும் தண்ணீரோடு படியும் பலகைச் சிறகுகள். இரும்பாலான போலி வாத்துகளைப் பாரமாக வைத்து, பெட்டியின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு வரும்வரை அமிழ்த்துவார்கள். உள்ளே மல்லாந்து படுத்திருப்பவர் கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பார். சுற்றிலும் நூற்றுக்கணக்கில் மரத்தில் செதுக்கிய வாத்துகள். நம் ஊர்க் கவுதாரி வேட்டையில் ‘பார்வை’ வைப்பார்களே, அதே வேலைதான். ஒன்றுக்குப் பதில் முந்நூறு. செசபீக் விரிகுடாவில் இப்படிச் சுட்ட வாத்துகள் பீப்பாய் பீப்பாயாகப் பெருநகர ஓட்டல்களுக்குப் போயின.

இதில் நான் கவனித்த விஷயம் ஒன்று. சட்டம் வந்தபோது அது வேட்டைக்காரனைவிட அவன் படகைத்தான் குறி வைத்தது. அமெரிக்காவில் 1918ல் வலசைப் பறவைச் சட்டம் வந்து, சந்தைக்குச் சுடுவதும் பெருந்துப்பாக்கியும் நின்றன. 1935ல் சிங்க்பாக்ஸுக்கும், உயிருள்ள பார்வை வாத்துக்கும் தடை. வாத்து வேட்டை மட்டும் அங்கே இன்றும் உண்டு. இங்கிலாந்தின் 1981ஆம் வருஷச் சட்டம் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் ஒன்றே முக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இயந்திரப் படகில் துரத்திச் சுடவும் கூடாது. மறைந்துகொள்வது மிகவும் நன்றாகக் கைவந்துவிட்டதால்தான் அதைத் தடுக்க வேண்டி வந்தது.

நம் பக்கம் இந்தப் படகு ஏன் காலூன்றவில்லை? எனக்குத் தோன்றும் காரணம் காற்று. பாக் நீரிணைப் பக்கம் கடல் அமைதியாக இருப்பது தென்மேற்குப் பருவத்தில்; அப்போது இங்கே வலசை வாத்து கிடையாது. வாத்து வருவது வாடையில். அப்போது எங்கள் கடல் கொந்தளிக்கும். சில அங்குல விளிம்புள்ள பண்ட் படகை மார்கழியில் இங்கே இறக்கினால் ஓர் அலையில் நிரம்பிவிடும். தவிர, படகு தேவையும் இல்லை. எங்களுக்குக் கிழக்கே கடல் என்றால் மேற்கே ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று ஊர் சொல்லும். கண்மாய்க்குக் கரையும் கருவேல மரமும் போதாதா? துப்பாக்கிக்காரர் கரையோரம் பதுங்க, ஆட்கள் மறுபக்கம் இறங்கிக் கலைத்துவிட்டால் வேலை முடிந்தது.

துப்பாக்கியே இல்லாத ஒரு முறையும் இருந்தது. வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் இந்தியாவைப் பற்றி எழுதியதில் அடிக்கடி வருவது. முதலில் சில நாள் வெறும் மண்சட்டிகளைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். வாத்துகள் முதல் நாள் மிரளும்; பிறகு பழகிவிடும். அதன்பின் ஓர் ஆள், கண்ணுக்கு மட்டும் துளையிட்ட சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் மெல்ல நடந்து கூட்டத்துக்குள் போவார். காலைப் பிடித்துத் தண்ணீருக்குள் ஓர் இழுப்பு. சத்தமில்லாமல் இடுப்புப் பைக்குள். பக்கத்து வாத்துக்குக்கூடத் தெரியாது. 190 பவுண்டுத் துப்பாக்கியையும் இந்தக் காலணாச் சட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வாத்தின் குணத்தை நன்றாகப் படித்தவர் யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

துரைமார் படித்ததும் குறைவில்லை, நியாயமாகச் சொன்னால். 1885ல் காங்கிரஸ் தொடங்கக் காரணமாயிருந்த ஏ.ஓ.ஹ்யூம் பெரிய பறவை வேட்டைக்காரர். மார்ஷலுடன் சேர்ந்து 1879 முதல் 1881 வரை இந்திய வேட்டைப் பறவைகளைப் பற்றி மூன்று தொகுதி கொண்டு வந்தவர். இன்றைக்கு நாம் பறவையைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பதில் பாதி, சுட்டு வீழ்த்தியவர்கள் எழுதி வைத்தது. ஆனால் அளவு மீறியதும் இங்கேதான். ராஜஸ்தான் பரத்பூர் ஏரியில் 1938 நவம்பர் 12ஆம் தேதி, வைஸ்ராய் லின்லித்கோ விருந்தாளியாக வந்த ஒரே நாளில், 4,273 பறவைகள். கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அதற்கு நூற்று நாற்பது வருஷம் முன்பே வேடந்தாங்கல்காரர்கள் துப்பாக்கியை நிறுத்தச் சொல்லிக் கேட்டு வாங்கிவிட்டார்கள். பட்டாளத்துச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டதும், ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798ல் உத்தரவு பெற்றார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கும். கருணை என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒரு தலைமுறையில் மறந்திருப்பார்கள். நெல்லோடு முடிச்சுப் போட்டதால் நின்றது.

நாடு முழுவதற்கும் சட்டம் 1972ல்தான் வந்தது. அதிலும் வாத்துகள் சிறு வேட்டைப் பட்டியலில் இருந்தன. உரிமம் பெற்றுச் சுடலாம். 1991 திருத்தத்தில்தான் அந்தக் கதவு மூடியது. எங்கள் மாவட்டத்தில் இன்று சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை எல்லாமே பறவைகள் சரணாலயம். நான்கும் ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டன.

மறைவுப் படகு மட்டும் சாகவில்லை. மேல்நாட்டில் பறவைப் படம் எடுப்பவர்கள் ஒரு மிதவை வைத்திருக்கிறார்கள். குடை மாதிரி ஒரு கூண்டு, மேலே புல்லும் தழையும், உள்ளே மார்பளவு தண்ணீரில் நிற்கும் ஆள், துளை வழியே கேமரா. நம் ஆளின் மண்சட்டி சற்றுப் பெரிதாகியிருக்கிறது, அவ்வளவுதான். இடுப்பில் பை கிடையாது.

எங்கள் கரையில் அதுவும் இல்லை. மோர்ப்பண்ணைப் பக்கம் தெர்மகோல் மிதவையில் நண்டு வலை எடுக்கப் போகிறவர்கள், தாராக் கூட்டத்துக்கு இருபது முப்பது அடி தள்ளிப் பீடி புகைத்துக்கொண்டே போகிறார்கள். ஒன்றும் பறப்பதில்லை.