கன்கூன் 1981: வடக்கும் தெற்கும் சந்தித்த இரண்டு நாட்கள்

உலகப் பொருளாதாரம் பற்றித் தலைவர்கள் கூடிப் பேசும் உச்சி மாநாடுகள் இன்று வருடாந்தச் சடங்குகளாகிவிட்டன. ஆனால், செல்வந்த நாடுகளின் தலைவர்களை வறிய நாடுகளின் தலைவர்கள் சரிசமமாக எதிர்கொண்ட ஒரு மாநாடு 1981 இல் மெக்ஸிக்கோவின் கன்கூன் நகரில் நடைபெற்றது. அதனை இன்று நினைவுகூருவோர் மிகச் சிலரே.

புதிய சர்வதேசப் பொருளாதார ஒழுங்கு வேண்டும் என்ற பிரகடனத்தை ஐ.நா. பொதுச்சபை 1974 மே மாதத்தில் நிறைவேற்றியது. 1976 இல் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடும் அக்கோரிக்கையை வலியுறுத்தியது. மேற்கு ஜேர்மனியின் முன்னாள் அதிபர் வில்லி பிராண்ட் தலைமையிலான ஆணைக்குழு, 1980 இல் வெளியிட்ட அறிக்கையில், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான தலைவர்கள் நேரில் சந்திக்க வேண்டும் என விதந்துரைத்தது.

அதன்படி ஒக்டோபர் 22, 23 ஆம் திகதிகளில் 22 நாடுகள் கன்கூனில் கூடின. எட்டு நாடுகள் வடக்கைச் சேர்ந்தவை. பதினான்கு தெற்கைச் சேர்ந்தவை. றீகன், தட்சர், மித்திரோன், இந்திரா காந்தி, ஜூலியஸ் நைரேரே, சீனப் பிரதமர் சாவோ சியாங் ஆகியோர் வந்திருந்தனர். மெக்ஸிக்கோ ஜனாதிபதி லோப்பஸ் போர்ட்டியோவும் கனடியப் பிரதமர் ட்ரூடோவும் இணைத்தலைமை வகித்தனர். வறுமை குடியேற்றவாதத்தின் விளைவு, அதற்குத் தான் பொறுப்பல்ல எனக் கூறி சோவியத் யூனியன் விலகிநின்றது. அப்போது அணிசேரா இயக்கத்தின் தலைவராக இருந்த பிடல் காஸ்ட்ரோவுக்கோ அழைப்பே இல்லை; அவர் வந்தால் தாம் வரப்போவதில்லை என்பது றீகனின் நிபந்தனை.

மாநாட்டின் மையப் பிரச்சினை, யார் தீர்மானிப்பது என்பதே. ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு என்ற ஐ.நா.வில் உலகளாவிய பேச்சுவார்த்தை நடைபெற வேண்டும் என்றது தெற்கு. பணம் அதிகம் இட்டவருக்கே அதிக வாக்கு என்ற சர்வதேச நாணய நிதியத்தினதும் உலக வங்கியினதும் அதிகாரத்தில் எவரும் கைவைக்கக்கூடாது என்றனர் றீகனும் தட்சரும். கடன்பட்டவரிடமே வங்கியின் நிர்வாகத்தை ஒப்படைக்க முடியுமா என்பதே அவர்களது வாதத்தின் சாரம்.

முடிவில் கூட்டறிக்கை எதுவும் வெளியாகவில்லை. இணைத்தலைவர்களின் சுருக்கவுரை மட்டுமே வெளிவந்தது. உலகளாவிய பேச்சுவார்த்தை கொள்கையளவில் ஏற்கப்பட்டபோதிலும், அது ஒருபோதும் ஆரம்பமாகவில்லை.

ஆனால் வரலாறு காத்திருக்கவில்லை. பணவீக்கத்தை அடக்க அமெரிக்க மத்திய வங்கி உயர்த்திய வட்டி, மாறும் வட்டியில் கடன் வாங்கியிருந்த தென்னாட்டு அரசுகளின் கழுத்தை நெரித்தது. எண்ணெய் விலையும் சரிந்தது. மாநாடு முடிந்து பத்தே மாதங்களில், 1982 ஓகஸ்ட் மாதத்தில், விருந்தளித்த மெக்ஸிக்கோவே கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என அறிவித்தது. இலத்தீன் அமெரிக்கா ஒரு தசாப்தத்தையே இழந்தது. கன்கூனில் தெற்கு மாற்றக் கோரிய அதே நாணய நிதியத்தின் வாசலில், அதே நாடுகள் ஒவ்வொன்றாகச் சென்று நிற்க நேர்ந்தது.

2008 இல் நெருக்கடி வோல் ஸ்ட்ரீட்டில் வெடித்தபோது நிலைமை மாறியது. ஜி-20 நாடுகளின் தலைவர்கள் அவ்வாண்டு நவம்பரிலேயே வாஷிங்டனில் கூடினர். இந்தியாவுக்கும் பிரேசிலுக்கும் அங்கே ஆசனம் இருந்தது. கன்கூனில் பேசிய பங்களாதேஷுக்கும் கயானாவுக்கும் தன்சானியாவுக்கும் அது கிடைக்கவில்லை. வறியவரின் நெருக்கடிக்குக் கூடாத மேசை செல்வந்தரின் நெருக்கடிக்கு உடனே கூடியது என்பதே கன்கூன் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.