பந்தியில் தொடங்கிய ஊழியம்

வாலிபர் ஊழியம் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருபவை கிட்டார், கோடை முகாம், விடுமுறை வேதாகமப் பள்ளி, 'பரிசுத்தமாய் இரு' என்ற பிரசங்கம். சேலம், நாமக்கல் சமவெளியில் இந்த ஊழியத்தின் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்தால் கிட்டாருக்கு முன்னால் வேறொன்று கிடைக்கிறது. அது சாப்பாட்டுப் பந்தி. பிள்ளைகளில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் இங்கே தரப்பட்டன. இரண்டில் எதன்மேல் நம் சபைகள் நிற்கின்றன என்பதை இளைய தோழர்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதல் பதில் 17ஆம் நூற்றாண்டில் வந்தது. மதுரை மிஷனின் இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி 1623-ல் சேந்தமங்கலம் வந்தார். அங்கிருந்த நாயக்கர் ஆட்சியின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. நொபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, பிராமண சந்நியாசியைப் போல வாழ்ந்தவர். உயர்சாதியினர் தன்னை ஏற்க வேண்டுமானால் சேரி மக்களோடு வெளிப்படையாகப் பழகக் கூடாது என்பது அவருடைய கணக்கு. ஆனால் சேரியிலிருந்தும் மக்கள் வந்தார்கள். அவர்களை விட்டுவிடவும் முடியாது, சேர்த்துக்கொள்ளவும் முடியாது. மிஷன் கண்டுபிடித்த வழி பண்டாரசாமிகள். 1640-ல் பால்தசார் த கோஸ்தா முதல் பண்டாரசாமியானார். சந்நியாசி சாமியார் மேல்சாதிக்கு, பண்டாரசாமி மற்றவர்களுக்கு என்று ஊழியம் இரண்டாகப் பிரிந்தது. வேதம் ஒன்றாக இருந்தாலும் அதைக் கொண்டுவந்தவர்கள் இரண்டு வகையானார்கள். அந்த ஏற்பாட்டில் வளர்ந்த பிள்ளை வேதபாடத்தோடு தன் இடத்தையும் கற்றுக்கொண்டது. இதை இரண்டு பந்தி அடித்தளம் என்று சொல்லலாம்.

இரண்டாவது பதிலுக்குக் கொஞ்சம் சுற்றி, திருநெல்வேலி வழியாக வர வேண்டும். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ், உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் உருவாக்க ஓர் உறைவிடப் பள்ளி நடத்தினார். எல்லாச் சாதி மாணவர்களும் ஒன்றாக உண்ண வேண்டும் என்பது அங்கே விதி. வெள்ளாளப் பிள்ளைகள் மறுத்தார்கள், பெற்றோரும் எதிர்த்தார்கள். ரேனியஸ் விதியைத் தளர்த்தவில்லை. பள்ளியையே கலைத்துவிட்டு, சம்மதித்தவர்களோடு மீண்டும் தொடங்கினார்.

அந்த ரேனியஸோடு பணியாற்றியவர்களில் ஒருவர் யோகான் மிகாயேல் லெக்லர். 1838-ல் ரேனியஸ் இறந்தபின் லெக்லர் லண்டன் மிஷனில் சேர்ந்து, 1840-ல் சேலத்துக்கு வந்தார். 1827-ல் ஹென்றி கிரிஸ்ப் தொடங்கிய சேலம் மிஷன் அப்போது சிறியது. லெக்லர் 1861-ல் இறக்கும்வரை இங்கேதான் உழைத்தார். அவருடைய பணியில் முக்கியமானது தொழிற்பள்ளி. மதம் மாறியவனுக்கு ஊரில் வேலை நின்றுபோகும், பண்ணையில் கிடைத்த படி நின்றுபோகும். கையில் ஒரு தொழில் இருந்தால்தான் அவனால் நிமிர்ந்து நிற்க முடியும். தொழிற்பள்ளியின் தேவை அங்கேதான் இருந்தது.

நம் சமவெளியில் இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். கவலை ஏற்றத்துக்குத் தோல் தைப்பது அருந்ததியர் வேலை, சாவுக்குப் பறையடிப்பது பறையர் வேலை என்று பிறப்பிலேயே எழுதிவைத்த ஊர்கள் இவை. பத்து வயதில் மாடு மேய்க்கப் போகும் பையன் பதினைந்து வயதில் முழுப் பண்ணையாள். பதின்வயது என்ற ஒரு பருவமே அவனுக்குக் கிடையாது. அவன் பள்ளிக்குப் போனால் வீட்டுக்கு ஒரு கூலி குறையும். சோறும் இடமும் தரும் உறைவிடப் பள்ளி அந்தக் கணக்கை மாற்றியது. ஊர் அவனுக்குத் தராத பருவத்தை அது தந்தது. கூடவே, வேறு சாதிப் பையனின் பக்கத்தில் ஓர் இலையையும் போட்டது.

1850-ல் சென்னை மிஷனரி மாநாடு சாதி பற்றி ஒரு தீர்மானம் எழுதியது. சாதியை விடாதவருக்குச் சபையில் இடமில்லை என்றது. விட்டுவிட்டார் என்பதற்குச் சோதனை, எந்தச் சாதியார் சமைத்ததையும் உண்பது. தரங்கம்பாடி வழிவந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் இதில் சேரவில்லை. மற்ற புராட்டஸ்டண்டு மிஷன்கள் பெரும்பாலும் ஏற்றன. நம்பிக்கையை நாக்கால் அறிக்கையிட்டால் போதாது, வயிற்றாலும் அறிக்கையிட வேண்டும் என்று கேட்ட தீர்மானம் அது.

மிஷனரிகளைப் புனிதர்களாக்க வேண்டியதில்லை. அவர்களுடைய முதல் நோக்கம் மதமாற்றம். கீழ்ப்படிதலையும் ஒழுக்கத்தையும் போதித்த அளவுக்கு உரிமையை அவர்கள் போதிக்கவில்லை. ஆங்கில ஆட்சியின் நிழலில் நின்றவர்கள், நிலம் யாருடையது என்று பெரும்பாலும் கேட்கவில்லை. தீர்மானம் போட்ட சபைகளிலும் கல்யாணமும் கல்லறையும் சாதியோடுதான் நடந்தன. பந்தியைக் கலந்தவர்கள் சம்பந்தத்தைக் கலக்கவில்லை. அம்பேத்கர் பின்னாளில் சமபந்தியோடு நிற்காமல் சாதி மறுப்புத் திருமணத்தை முன்வைத்தது இதனால்தான் முக்கியமாகிறது.

ஆனாலும் பந்தி சின்ன விஷயமில்லை. ரேனியஸுக்கு நூறு ஆண்டுகள் கழித்து, காங்கிரஸ் நிதி பெற்ற சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போடப்பட்டது. 1924-25-ல் அதை எதிர்த்து எழுந்தவர்களில் பெரியாரோடு முன்னின்றவர் நம் இராசிபுரத்தில் பிறந்த வரதராஜுலு நாயுடு. நடத்தியவர் வ.வே.சு. ஐயர், அன்றைய பெரும் தேசபக்தர். தேசம் ஒன்று, பந்தி இரண்டு என்பதைத் தமிழகம் சகிக்கவில்லை. மாணவர் பந்தியில் தொடங்கிய அந்தச் சண்டை சுயமரியாதை இயக்கம் எழுந்ததன் காரணங்களில் ஒன்றானது.

வெளியுலகிலும் இளையோர் ஊழியம் பிழைப்பின் கேள்வியிலிருந்தே பிறந்தது. 1780-ல் இங்கிலாந்தின் க்ளாஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியது, மற்ற ஆறு நாளும் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க. 1844-ல் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் துணிக்கடைச் சிப்பந்தி. 1925-ல் பெல்ஜியத்தில் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைக் கட்டிய குருவானவர் கார்டைன், 'பார், தீர்ப்பிடு, செயல்படு' என்ற மூன்று படிகளை இளைஞர்களுக்குக் கற்றுத் தந்தார். முதல் படி 'பார்'. தன் தெருவில் நடப்பதைப் பார்.

அப்படியானால் நம் தெருவைப் பார்ப்போம். 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ், வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காகத் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்திக் கொல்லப்பட்டார். உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. 2022-ல் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வாரமும் ஞாயிறு வந்தது, வாலிபர் கூடுகைகளும் நடந்தன. எத்தனை கூடுகைகளில் அவருடைய பெயர் சொல்லப்பட்டது என்று உங்கள் சபையில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவ தலித்துகள் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் பரிந்துரைத்தும் பயனில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை கல்லூரி விண்ணப்பத்தோடு சாதிச் சான்றிதழை இணைக்கும் நாளில்தான் இது சுடுகிறது. சேரியில் ஒதுக்கும்போது ஊர் அவனுடைய மதத்தைக் கேட்பதில்லை. உரிமை தரும்போது அரசு கேட்கிறது.

பதினெட்டு வயதுக்குள் ஒரு தலித் பிள்ளை சந்திக்கும் இந்தக் கேள்விகளைத் தொடாத ஊழியம், எத்தனை பாட்டுப் பாடினாலும் 1640-ன் இரண்டு பந்தியையே மறுபடி போடுகிறது. பண்டாரசாமியாவது சேரிக்கு நடந்து வந்தார்.

எனவே வாலிபர் சங்கங்களில் இருக்கும் தோழர்கள் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? சபைக் கமிட்டியில் சேரித் தெருவுக்கு இடம் உண்டா? சாதி மறுத்து மணம் செய்ய வருபவர்களுக்கு நம் ஆலயக் கதவு திறக்குமா? பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியையே கலைக்கத் துணிந்தவர்களின் வழியில் வந்த ஊழியம் இது. ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கும் துணிவாவது நமக்கு வேண்டும்.