சேற்று வயலும் சிவந்த கண்ணும்: எலிக்காய்ச்சல் கண்ணழற்சியும் கம்பம் பள்ளத்தாக்கும்

முன்னுரை

தேனி மாவட்டத்தில் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்ட பிறகு கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்வே இந்தத் தண்ணீரைச் சுற்றி அமைந்தது. தொளி கலக்கிய வயலில் குனிந்து நாற்று நடும் பெண்ணின் கால் நாள் முழுவதும் சேற்றில் ஊறுகிறது. வரப்பு வளைகளில் எலிகள் வாழ்கின்றன. உழவு மாடும் அதே நீரில்தான் நிற்கிறது. இப்பகுதியின் கண்ணழற்சி வரலாற்றை இந்தச் சேற்றிலிருந்தே எழுதத் தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

நோயும் அதன் பழைய வரலாறும்

விழியின் வெளிச்சுவருக்கும் விழித்திரைக்கும் இடையே இரத்தக் குழாய்கள் நிறைந்த நடுப்படலம் உண்டு. அது அழன்றால் மருத்துவர்கள் அதை யுவியைட்டிஸ் என்பர். கண் சிவக்கும், வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். ஊரில் இதைச் சூடு என்றோ மெட்ராஸ் ஐ என்றோ எண்ணி, நந்தியாவட்டைப் பூவை வைத்துக்கட்டிக் காத்திருப்போர் உண்டு. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் சில நாட்களில் தானே ஆறிவிடும். யுவியைட்டிஸ் முற்றினால் பார்வையையே பறித்துவிடும்.

இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று எலிக்காய்ச்சல். ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வைல் 1886இல் இக்காய்ச்சலை விவரித்தார். ஜப்பானில் இனாடாவும் இடோவும் 1915இல் இதன் கிருமியான லெப்டோஸ்பைராவைக் கண்டறிந்தனர். எலி, மாடு முதலியவற்றின் சிறுநீரில் வெளியேறும் இந்தச் சுருள்கிருமி, ஈரமண்ணில் வாரக்கணக்கில் உயிர்வாழும். காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் உடலுக்குள் புகும். காய்ச்சல் தணிந்து வாரங்களோ மாதங்களோ கழித்தே கண் அழலும். அதற்குள் அந்தக் காய்ச்சலை நோயாளியே மறந்திருப்பார். இந்த இடைவெளிதான் காரணத்தை நெடுங்காலம் மறைத்து வைத்தது.

1993 வெள்ளம்: திருப்புமுனை

1993 இறுதியில் பெய்த பெருமழையால் மதுரை மாவட்டத்தில் வெள்ளம் வந்தது. தேனி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. இப்பள்ளத்தாக்கும் மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தது. வெள்ளம் வடிந்தபின், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒரே விதமான கண்ணழற்சியோடு பலர் வந்தனர். மருத்துவர் எஸ்.ஆர். ரத்தினமும் அவருடன் பணியாற்றியோரும் காரணத்தைத் தேடினர். அக்குழுவில் இருந்த பெ. நம்பெருமாள்சாமி, தேனி அருகே அம்பாசமுத்திரத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 73 நோயாளிகளின் கண்ணழற்சியை எலிக்காய்ச்சலோடு தொடர்புபடுத்திய அவர்களின் ஆய்வு 1997இல் வெளியானது. அடுத்த ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, கண்ணின் உள்நீரில் கிருமியின் மரபணுவைத் தேடி அத்தொடர்பை உறுதிப்படுத்தியது.

அதன்பின் கணக்கெடுப்பே மாறியது. 2007இல் வெளியான ரத்தினம், நம்பெருமாள்சாமி கட்டுரை மதுரையில் பார்த்த 8,759 புதிய யுவியைட்டிஸ் நோயாளிகளைத் தொகுத்தது. அவர்களில் 9.7 விழுக்காட்டினருக்கு எலிக்காய்ச்சலே காரணம், காசநோய்க்கு 5.6 விழுக்காடு. நடுத்தர வயதினரிடம் எலிக்காய்ச்சல் முன்னின்றது. சிறுவரிடம் ஒட்டுண்ணி முன்னின்றது. நத்தை வாழும் குளத்தில் குளிக்கும் பிள்ளைகளின் கண்ணில் தட்டைப்புழு ஏற்படுத்தும் அழற்சி அது. பெரியவருக்கு வயல், பிள்ளைக்குக் குளம்: இரண்டு நோய்க்கும் தண்ணீரே வழி.

கணக்கில் உள்ள குறை

இவை மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு. ஊரில் இருப்பவர்களின் கணக்கு ஆகாது. கூலியை விட்டு மதுரைக்குப் பஸ் ஏற முடியாதவர் இதில் இல்லை. இந்தத் தொலைவைக் குறைத்ததில் தேனிக்குத் தனியிடம் உண்டு. 1985இல் இங்கே அரவிந்தின் கிளை மருத்துவமனை வந்தது. 2004க்குப் பிறகு ஆண்டிபட்டி, போடி, பெரியகுளம், சின்னமனூர் போன்ற ஊர்களில் அரவிந்த் நடத்தும் சிறு கண் பரிசோதனை நிலையங்களான பார்வை மையங்கள் தொலைதூர வைஃபை வழியாகத் தேனி மருத்துவரோடு இணைந்தன. அதற்கான தொழில்நுட்பத்தில் பெர்க்லி பல்கலைக்கழகம் துணைநின்றது. சின்னமனூரில் அமர்ந்திருப்பவரின் கண்ணைத் தேனியிலிருக்கும் மருத்துவர் திரையில் பார்த்துப் பேச முடிந்தது.

முடிவுரை

வெளிநாட்டுப் பாடநூலின் பட்டியல் இந்த நோயைக் காட்டித் தரவில்லை. வந்தவர்களின் தொழிலையும் ஊரையும் மழையையும் சேர்த்துப் பார்த்ததால்தான் அது தெரிய வந்தது. ஆகவே பள்ளத்தாக்கின் ஒவ்வொரு பார்வை மையத்திலும், சிவந்த கண்ணோடு வருபவரிடம் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்டு எழுதிவைக்க வேண்டும்: “சேத்துல எறங்கி வேலை செஞ்சீங்களா? முன்னால காய்ச்சல் வந்துச்சா?” உரிய நேரத்தில் மருந்து தொடங்கினால் இந்த நோயாளிகளில் மிகப் பலருக்குப் பார்வை திரும்புகிறது. நமக்குச் சோறு போடுபவரின் கண்ணைக் காக்க அந்த இரண்டு கேள்விகளில் தொடங்குவோம்.